நாலாவது வரி

கவசம் போட்ட ஆளால் உட்கார முடியுமா என்பதுதான் சதீஷின் முதல் சந்தேகம்.

"பஸ்ல சீட்டு கெடைச்சா யாரும் உக்காருவாக," என்றாள் அவன் மனைவி பூமாரி, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

சதீஷுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கையில் கம்பத்திலிருந்து வந்த ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தமிழில் நாலு வரி. முதல் வரி, காலஞ்சென்ற சங்கையாவின் உருவப்படம் வேண்டும் என்றது. இரண்டாவது வரி, எண்ணெய் வண்ணம் என்றது. மூன்றாவது, உயிரோடு எதிரில் நிற்பதுபோல் இருக்க வேண்டும் என்றது. நாலாவது வரியில் இரண்டே வார்த்தை. அங்கேதான் கவசம் வந்தது.

சதீஷ் மலைமேல், கேரளத்துப் பக்கம், ஆனைக்கரையில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வாயில் தமிழ், கையில் மலையாளம். தமிழ் எழுத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது கம்பம் பஸ்ஸின் நெற்றியும் சினிமாச் சுவரொட்டியும்தான். முதல் மூன்று வரியையும் மேட்டில் ஏறும் லாரி மாதிரி முனகிக் கடந்தவன், நாலாவது வரியில் பழகிய சொல் ஒன்றைக் கண்டு மலர்ந்தான். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு மேலே ஒருத்தன் நிற்பான். கழுத்திலிருந்து தொடை வரைக்கும் இரும்பு.

மலர்ச்சி ஒரு நிமிஷம்தான். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் முப்பது வருஷம் உலைக்கு விறகு தள்ளிய மனுஷனுக்குக் கவசம் எதற்கு?

கேட்டுவிடலாம். ஆனால் சீட்டு எழுதியவர் சங்கையாவின் மருமகன் சிவப்பிரகாஷ். கம்பத்தில் தமிழாசிரியர். பஸ்ஸைப் பேருந்து என்று சொல்லி, அதில் ஏறியும் விடுபவர். அவரிடம் போய், 'எனக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும்' என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இந்த நேரத்தில்.

போன மழையில் சாரம் சரிந்து சதீஷ் விழுந்திருந்தான். பதினெட்டு வருஷமாக ஏணியில் நின்று சுவருக்கு வர்ணம் அடித்தவன். இனி ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் அவன் வலது முழங்காலைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும். இது அப்படி வந்த முதல் வேலை.

அது வந்த விதமும் விசேஷம்தான். ரோட்டோரத்தில் யானை கடக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதில் யானை வரைந்தது சதீஷ். சங்கையாவின் மனைவி ராமுத்தாய் ஒரு நாள் ஜீப்பில் போகும்போது அதைப் பார்த்து அலறிவிட்டாள். ஜீப் அரை பர்லாங் பின்னால் போனபிறகுதான் யானைக்கு நாலு மூலையிலும் ஆணி அடித்திருப்பது தெரிந்தது. வருஷம் திரும்புகிற நாளுக்கு வீட்டுக்காரருக்கு ஒரு படம் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "அந்த ஆனைக்காரன்ட்டக் குடுங்க" என்றாளாம். இது நன்றாக வந்தால் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பன்னிரண்டு புலவர்கள் படம் வேண்டும் என்று சிவப்பிரகாஷும் சொல்லி அனுப்பியிருந்தார்.

பன்னிரண்டு படம் என்றால் ஒரு வருஷம் உட்காரலாம்.

ஆகவே சதீஷ் சுற்றி வளைத்துக் கேட்பது என்று முடிவு செய்து போன் போட்டான்.

"சார், அந்த நாலாவது வரி கண்டிப்பா வேணுங்களா?"

"கண்டிப்பா வேணும். அதுதான் படத்துக்கே மரியாதை."

"என்ன கலர்ல சார்?"

"பொன்னிறம். கொஞ்சம் கனமாவே இருக்கட்டும். மாமா மெலிஞ்ச உடம்பு. மெல்லிசாப் போட்டா எடுபடாது. ஓரத்துல பூவேலை இருந்தா இன்னும் சிறப்பு."

பொன், கனம், பூ என்று சதீஷ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான், மலையாளத்தில். சங்கையாவின் ஸ்டோர் அடையாள அட்டை எதிரில் கிடந்தது. தபால்தலை அளவு முகம். அதில் பாதி கண்ணாடி.

"கண்ணாடி எப்படி சார்? இருக்கட்டுமா?"

"கண்ணாடி வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டு மின்னும். முகம் தெரியாது."

அதுவும் நியாயம்தான் என்று சதீஷுக்குப் பட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனவனை அவனும் பார்த்ததில்லை. ஆனால் சண்டை எது? அது தெரியாமல் கையில் தூரிகை நிற்கவில்லை. ஆளைத் தெரியாமல் முகத்தில் உயிர் எப்படி வரும்?

சங்கையாவோடு ஒரே ஸ்டோரில் வேலை செய்தவர் ஏசுதாஸ். சதீஷ் நொண்டிக்கொண்டு அவரிடம் போனான். சங்கையா பட்டாளத்தில் இருந்தாரா என்று கேட்டான். அட்டை கடித்தாலே மயங்கி விழுகிற ஆள் என்றார் ஏசுதாஸ். நாடகத்தில் வேஷம் கட்டினாரா? கூட்டத்தைக் கண்டால் இருமல் வந்துவிடும் என்றார். யாரையாவது எதிர்த்து நின்றிருக்கிறாரா? ஏசுதாஸ் நெடுநேரம் யோசித்து, ஒரு தடவை ஸ்டோர் வாசலில் யானை வந்தபோது சங்கையா ஏலக்காய்ச் சாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதையும், யானை போன மறுநாள்தான் வெளியே வந்ததையும் சொன்னார்.

"அப்புறம் எதுக்குண்ணே கவசம் கேக்குறாக?"

"இப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தானப்பா கவசம் வேணும். தைரியசாலிக்கு எதுக்கு?"

இது சதீஷுக்குப் பதிலாகவே தெரிந்தது. உயிரோடு இருந்தபோது பயந்தே செத்த மனுஷனைச் சுவரிலாவது தைரியமாக நிறுத்திவைக்க ஆசைப்படுகிறார்கள். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் இரண்டே வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள். புரிந்ததும் அவனுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு, கவசம் எப்படி வரைவது என்று போனில் பார்க்க ஆரம்பித்தான்.

போனில் ஒரு வெள்ளைக்காரர் வாய் பேசாமல் கவசம் வரைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் சதீஷ் ஒரு அதிசயத்தைத் தெரிந்துகொண்டான். கவசத்துக்கென்று சொந்த நிறம் கிடையாது. எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். மரம் இருந்தால் பச்சை, வானம் இருந்தால் நீலம். அப்படியென்றால் நிஜக் கவசம் ஒன்றை எதிரில் வைத்துப் பார்த்து வரைந்தால்தான் உயிர் வரும்.

நிஜக் கவசமும் ஏசுதாஸிடமே இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் அவர்தான் வருஷாவருஷம் ரோமாபுரிச் சிப்பாய். எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிச் செய்த கவசம். உள்பக்கம் இன்னும் கடலை எண்ணெய் விளம்பரம் தெரியும். கேட்டதும் கொடுத்தார். ஆனால் போட்டுக்கொண்டு நிற்க அவருக்கு நேரமில்லை. ஸ்டோரில் உலை எரிந்துகொண்டிருந்தது. பூமாரியிடம் கேட்டான். அவள் துடைப்பத்தைக் காட்டினாள்.

ஆகவே சதீஷ் தானே போட்டுக்கொண்டு, பீரோக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தான். உட்கார முடிகிறது என்பது முதலில் தெரிந்தது. எழுந்திருக்க முடியாது என்பது பிறகு தெரிந்தது. விலாப்பக்கத்துக் கொக்கி துருப்பிடித்துக் கடித்துக்கொண்டது. பூமாரி இழுத்தாள். இடுக்கி வைத்துத் திருகினாள். தேங்காய் எண்ணெய் விட்டாள். எண்ணெய் உள்ளே போய் அவன் வழுக்கினானே தவிர, கவசம் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. கம்பத்திலிருந்து தினமும் காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருகிற அருள்குமாரின் ஜீப். இறங்கியவள் ராமுத்தாய். முகம் எப்படி வருகிறது என்று பார்த்துப்போக வந்திருந்தாள்.

தகரத்துக்குள் உட்கார்ந்திருந்த சதீஷை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"பெயிண்டு மேல படாம இருக்கவாப்பா?"

"ஆமாம்மா," என்றான் சதீஷ்.

"எங்க வீட்டுக்காரகளும் மழைக்குச் சாக்கத்தான் கட்டிக்குவாக. தகரம் நல்ல ரோசனதான்."

படத்தில் அப்போது முகம் மட்டும் முடிந்திருந்தது. உடம்புக்கு வெறும் கரிக்கோடு. ராமுத்தாய் கிட்டப் போய் நின்றாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சதீஷுக்கு மூச்சு முட்டியது. பாதி பயம், பாதி தகரம்.

"கண்ணாடி எங்க?"

"மருமகன் வேணாம்னுட்டாரும்மா."

"அவரு யாரு வேணாங்க? கண்ணாடி இல்லாட்டி அவுகளுக்கு என்னையவே தெரியாது. பாவம், சுவத்துல உக்காந்து யாரு என்னன்னு தெரியாம முழிக்கவா?"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

சதீஷ் இரண்டு பக்கமும் யோசித்தான். போட்டால் மருமகன் கோபிப்பார், போடாவிட்டால் மாமியார் அழுவாள். சாயங்காலம் ஏசுதாஸ் வந்து அரம் வைத்துக் கொக்கியை அறுத்து அவனை வெளியே எடுத்தபோது வழி பிறந்தது. கண்ணாடி முகத்தில் வேண்டாம், கையில் இருக்கட்டும். கவசம் போட்ட வீரன் ஒரு கையில் ஈட்டி வைத்திருப்பான். சங்கையா மூக்குக்கண்ணாடி வைத்திருப்பார்.

கொக்கியில் பட்ட அடி, மறுபடி போன் போட்டுக் கொக்கியைப் பற்றியும் கேட்டுவிடச் சொன்னது.

"சார், நாலாவது வரிக்குக் கொக்கி எங்க வைக்கிறது?"

"பின்பக்கம், மேல, ரெண்டு. நல்ல உறுதியா வைங்க. அவுந்து விழுந்துச்சுன்னா எங்க அத்தை தாங்க மாட்டாங்க."

எந்தப் பெண்தான் தாங்குவாள் என்று சதீஷும் நினைத்துக்கொண்டான். ஆனால் பின்பக்கத்துக் கொக்கி முன்னாலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? முடித்திருந்த தோளைச் சுரண்டி எடுத்து, சங்கையாவை முக்கால் பாகம் திருப்பி நிறுத்தினான். நாலு நாள் வேலை.

சிவப்பிரகாஷ் போனில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கம்பத்து வீட்டுச் சுவரில் கரையான் உண்டாம். அரிக்காததாகப் பார்த்துப் போட வேண்டுமாம். இதை மட்டும் சதீஷால் எந்த வழியிலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கரையான் அரிக்காத கவசம் என்றால் என்ன?

"அப்பத் தகரம்னே வை," என்றாள் பூமாரி. "கரையானுக்குப் பல்லு கூசும்."

அவள் எதிரே நின்று இதைச் சொல்லும்போது, நாற்காலியில் சாய்த்திருந்த கவசத்தின் மார்பில் அவள் தெரிந்தாள். கையில் துடைப்பம். சதீஷ் அதையும் அப்படியே வரைந்தான். எதிரில் இருப்பதுதானே நிறம்.

படம் முடிந்தது. காயவில்லை. ஆடி மாசத்து மஞ்சு மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வண்ணம் தொட்டால் விரலோடு வந்தது. வருஷ நாளுக்கு மூன்றே நாள். அடுப்படியில் வைத்துப் பார்த்தான். சங்கையாவுக்கு மீசையில் சாம்பல் விழுந்தது. கடைசியில் ஏசுதாஸ்தான், பச்சைக் காயையே ஒரு நாளில் காயவைக்கிற இடம் இருக்கும்போது என்ன கவலை என்று படம் வரைந்த பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சதீஷ் ஸ்டோருக்குப் போனபோது படம் நன்றாகக் காய்ந்திருந்தது. மேல் தட்டிலிருந்து சிந்திய ஏலக்காயோடு சேர்ந்து காய்ந்திருந்தது. கவசம் முழுக்க முப்பது நாற்பது காய் ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் வர்ணத்தோடு வந்தது. பொன்னிறம் அனல் பட்டுக் கொஞ்சம் பழுத்திருந்தது.

சதீஷ் அங்கேயே விறகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு புலவர்களும் வரிசையாக எழுந்து போவது அவனுக்குத் தெரிந்தது. பிறகு, வேறு வழியில்லாமல், ஒவ்வொரு காய்க்கும் மேலே பொன் வர்ணம் தொட்டுவைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கவசத்தில் ஆணி வரிசை மாதிரி இருந்தது. கிட்டத்திலிருந்து யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும்.

வருஷ நாளன்று காலையில், போர்வை சுற்றிய படத்தோடு சதீஷ் அருள்குமாரின் ஜீப்பில் மலை இறங்கினான். கம்பத்து வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். சங்கையாவின் மகள் சிவசங்கரி மாலை தயாராக வைத்திருந்தாள். அருள்குமாரும் சதீஷும் படத்தை நாற்காலியில் சாய்த்து நிறுத்தினார்கள். சிவப்பிரகாஷ் போர்வையை எடுத்தார்.

உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பொற்கவசம் பூண்ட சங்கையா, தோளைத் திருப்பி, முதுகுப்பக்கம் இரண்டு கொக்கி தெரிய, கையில் மூக்குக்கண்ணாடியோடு, எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பின்வரிசையில் இருமினார்கள்.

சிவப்பிரகாஷ் குனிந்து படத்தின் மார்பைப் பார்த்தார்.

"இங்க துடைப்பத்தோட நிக்கிறது யாரு?"

"என் சம்சாரம் சார்," என்றான் சதீஷ்.

அதற்குள் ராமுத்தாய் எழுந்து வந்துவிட்டாள். சதீஷ் பயந்தபடியே மிகக் கிட்டத்தில் வந்தாள். கன்னத்தைத் தொட்டாள். கையிலிருந்த கண்ணாடியைத் தொட்டாள். கவசத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவியவள், நின்று, மூக்கைப் படத்தோடு வைத்து மோந்தாள்.

"அவுக வாசம்," என்றாள்.

இன்னொரு தடவை மோந்தாள்.

"எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது இந்த வாசம். முப்பது வருசம் அந்த உலைகிட்ட நின்னு வெந்தாக. அனலு படாம இப்பிடி ஒண்ணு அப்பவே மாட்டிவிட்டிருந்தா இன்னும் நாலு வருசம் இருந்திருப்பாக." சதீஷ் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்பிடித் தோணுச்சுப்பா?"

எனக்குத் தோன்றவில்லையம்மா, மருமகன் எழுதியனுப்பினார் என்று சொல்லத்தான் சதீஷ் வாயெடுத்தான். ராமுத்தாய் அழுத அழுகையில் அது எடுபடவில்லை. சிவசங்கரியும் அழுதாள். பின்வரிசையில் இருமியவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிவப்பிரகாஷ் சதீஷை ஒரு ஓரமாக அழைத்துப் போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் நிறைய இருந்தது.

"இந்த மாதிரி ஒரு கற்பனை எனக்கு வந்திருக்காது. பன்னெண்டு புலவர்களையும் நீங்களே வரைங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நாலாவது வரியை மட்டும் மறந்துட்டீங்களே?"

சதீஷுக்குக் காதில் விழுந்தது விளங்கவில்லை.

"மறக்கலையே சார். பொன்னிறமா, கனமா, ஓரத்துல பூவோட, பின்னாடி கொக்கியோட போட்டிருக்கேனே?"

"எங்க?"

"அவர் மேலதான்."

இருவரும் திரும்பிச் சங்கையாவைப் பார்த்தார்கள். சங்கையாவும் இருவரையும் பார்த்தார். சதீஷ் சட்டைப் பையிலிருந்து, தேங்காய் எண்ணெய்க் கறையோடு மடிந்திருந்த சீட்டை எடுத்து நீட்டினான். ஆசிரியர் அதைப் பிரித்து, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி வாசித்தார்.

"நல்ல படச்சட்டத்தோடு. இதுதானே எழுதினேன்?"

"அதையேதான சார் நானும் வரைஞ்சிருக்கேன்," என்றான் சதீஷ்.

போர்வையை மடித்துக்கொண்டிருந்த அருள்குமார் இருவருக்கும் நடுவே தலையை நீட்டிச் சீட்டைப் பார்த்தான். தினமும் மலை ஏறி இறங்குகிறவன். தமிழ்நாடு, கேரளா என்று இரண்டு பக்கத்துப் போலீஸிடமும் அவரவர் பாஷையில் ஏச்சு வாங்கியவன்.

"சதீசண்ணே, படச்சட்டன்னா கவசம்ங்கிறதெல்லாம் கம்பம்மெட்டு செக்போஸ்டுக்கு மேலதாண்ணே. கீழ எறங்கிட்டா அது போட்டோவுக்கு மாட்டுற பிரேமு."